ஒழுகாத எஞ்சின்

ரேடியேட்டரு ஹோஸு நாலரை பஸ்ஸுலதானுங்க வரும். தாராபுரத்துக் கடைக்காரன் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிட்டுட்டேன்னு போன்ல சொல்லிட்டான். அது வரைக்கும் வெயில்ல நின்னு ரோட்டையே பாத்துட்டு இருந்தீங்கன்னா பஸ்ஸு வெசயா வந்துடுமா? உள்ள வாங்க தம்பி. அந்த டயரு மேல உக்காருங்க, சுத்தமாத்தான் இருக்குது. பானையில தண்ணி இருக்குது, மோந்து குடிச்சுக்கோங்க.

காரை வெளிய பாக்க நல்லாத்தான் வெச்சிருக்கறீங்க. உள்ள ஹோஸு வெங்காயத் தொலியாட்டம் ஆயிப்போச்சு, அதக் கவனிக்கல. உங்களத் திட்டலீங்க. எல்லாரும் அப்பிடித்தான். தொடைக்கிற துணி பானெட்டுக்கு மேலதான் போகும், உள்ள போகாது. நீங்க சேலம் போறீங்கன்னா சொன்னீங்க? போயிடலாம். ராத்திரி சாப்பாட்டுக்குள்ள போயிடலாம். நான் பூட்டினா அப்பறம் அந்த ஹோஸு உங்க மகன் காலத்துக்கும் இருக்கும்.

அதா? அது பிக்கப்புங்க. ரேஸு வண்டி. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பிக்கப்புல ரேஸானு எல்லாரும்தான் கேப்பாங்க. மொதல்ல அது பல்லடத்துல கறிக்கோழி ஏத்தின வண்டி. பாலத்துல மோதி மூஞ்சி போயிக் கெடந்தத, நானும் என்ற பையனும் போயி இழுத்துட்டு வந்தோம். மழை பேஞ்சா ஒரு வருசம் வரைக்கும் கோழி நாத்தம் வந்துச்சு. பையன் பேரு பூபதி. ஆட்டோமொபைலு டிப்ளமோ படிச்சவன். அவன்தான், அப்பா இத ரேஸு வண்டியா மாத்திப்புடலாம்னான். லாரியோட டர்போ ஒண்ணத் தேடிப் புடிச்சோம். ஸ்பிரிங்கு, ஷாக்கு, சக்கரம், உள்ள கம்பிக்கூண்டு, அதெல்லாம் அவன் வேலை. எஞ்சினு என்ற வேலை. அதுல பேச்சே கெடையாது. எஞ்சினுக்குள்ள அவனக் கை வெக்க நான் விட்டதே இல்லீங்க. ஸ்பேனர எடுத்துக் குடுப்பான், வாங்கிக்குவேன். அவ்வளவுதான்.

ரெண்டு வருசம் அப்பிடி வேலை செஞ்சோம். வத்திப்போன கொளத்துல ரேஸு வெப்பாங்க, உடுமலைப்பக்கம். கோயமுத்தூரு ஆளுங்கெல்லாம் ஜீப்பு ஜீப்பாக் கொண்டாந்து நிறுத்துவாங்க, கண்ணாடியாட்டம் மின்னும். நம்மது கோழி வண்டி. கொக்கரக்கோனு கத்திக் கேலி பண்ணுவானுங்க. மொத வருசம் மூணாவது எடம். அடுத்த வருசம் மொத எடம். கேலி பண்ணினவனெல்லாம் வந்து பானெட்டைத் தொறக்கச் சொல்லிக் கேட்டான். தொறப்பனா நானு? பூபதி ஓட்டறப்ப பாத்திருக்கோணும் நீங்க. வண்டி அவன் சொன்ன பேச்சக் கேக்கும். இத நான் அவன்கிட்டச் சொன்னதில்ல. எதுக்குச் சொல்றது, தலகனம் வந்துடும்.

என்னயப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நாச்சிமுத்து கட்டின எஞ்சின் ஒழுகாது. காங்கயத்துல இருந்து ஒட்டஞ்சத்திரம் வரைக்கும் யாரை வேணும்னாலும் கேளுங்க. வண்டி வாங்கறவன் மொதல்ல குனிஞ்சு அடியிலதான் பாப்பான். ஆயில் சொட்டு இல்லைன்னா, நாச்சிமுத்துகிட்டப் பாத்த வண்டியான்னு கேப்பான். அப்பிடி ஒரு பேரு. எஞ்சினுக்கு அடியில சம்ப்புன்னு ஒண்ணு இருக்குதுங்க, ஆயில் நிக்கற தட்டு. அதுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல பேஸ்ட்டு வெச்சு ஒட்டுவோம். மத்தவன் நூலாட்டம் ஒரு கோடு இழுப்பான். நான் தாராளமா வெப்பேன். விரல் மொத்தம் வெச்சு முறுக்கினா சுத்திலும் பிதுங்கிட்டு வரும். அதப் பாத்தாத்தான் எனக்கு மனசு நெறையும். முப்பத்தெட்டு வருசமா அப்பிடித்தான் வெச்சேன். ஒண்ணும் ஆனதில்ல.

மூணாவது வருசம் ரேஸுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, அந்தப் பிக்கப்புக்கு அடியில ஒரு பொட்டு. ஒரே ஒரு பொட்டு ஆயிலு. சொட்டுன்னுகூடச் சொல்ல முடியாது, வேர்வை. நான் பாக்கறதுக்கு முன்னால எதுத்தாப்புல டீக்கடை பழனியப்பன் பாத்துட்டான். என்னண்ணா, உங்க எஞ்சினும் ஒழுகுதாட்ட இருக்குதுன்னான். பத்துப் பேரு டீ குடிச்சுட்டு இருக்கறாங்க, எல்லாரும் சிரிக்கறாங்க. அன்னிக்கே சம்ப்பைக் கழட்டினேன். பழச வழிச்சுட்டு, ஒரு சுத்துக்கு ரெண்டு சுத்தா பேஸ்ட்டு வெச்சேன். பூபதி பக்கத்துல நின்னுட்டு, போதும்பா, உள்ளயும் பிதுங்கும்பான்னான். நீ எனக்குச் சொல்லிக் குடுக்கறயான்னேன். அதுக்கப்பறம் பொட்டு வருமா? வரல. பழனியப்பனக் கூட்டிட்டு வந்து குனிய வெச்சுக் காட்டினேன்.

ரேஸன்னிக்கு நம்ம சனம் ஒரு நாப்பது பேரு வந்திருந்தாங்க. பூபதிக்குப் பொண்ணு பேசி முடிச்சிருந்த நேரம். பொண்ணோட அப்பா வெள்ளக்கோயில்காரரு, மாப்பிள்ளை ஓட்டறதப் பாக்கோணும்னு அவரும் வந்துட்டாரு. கடேசிச் சுத்து. பூபதிதான் முன்னால வர்றான். நாலு வண்டி நீளம் முன்னால. நான் வேலிக்கம்பி மேல ஏறி நிக்கறேன். அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு அது தெரியாதுங்க, எங்களுக்குத் தெரியும். உள்ள யாரோ சுத்தியல்ல தட்டற மாதிரி நாலு தட்டு. அப்பறம் ஒண்ணும் இல்ல. வண்டி அப்பிடியே மண்ணுல இழுத்துட்டுப் போயி நின்னுபோச்சு. எஞ்சின் இறுகிப் போச்சு. மத்த வண்டியெல்லாம் தாண்டிப் போகுது, தூசி.

நான் ஓடிப் போனேன். பூபதி எறங்கி நிக்கறான். ஆயில் லைட்டு எரிஞ்சுதான்னு கேட்டேன். எரிஞ்சதுப்பா, எரிஞ்சவொடனே ஆஃப் பண்ணிட்டேன், மூணு செகண்டுகூட ஆகலைன்னான். மூணு செகண்டுல எஞ்சின் இறுகுமா? யாருகிட்டக் கதை சொல்றடான்னு கேட்டேன். கண்ணு பொடனியிலயா இருக்குதுன்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். கை நீட்டிட்டேன். இருவத்துநாலு வயசுப் பையன், நாப்பது பேருக்கு முன்னால, பொண்ணு குடுக்கறவரு பாத்துட்டு நிக்கறாரு. அவன் கன்னத்தத் தடவக்கூட இல்ல. ஹெல்மெட்டைக் கழட்டி பானெட்டு மேல வெச்சுட்டு நடந்து போயிட்டான்.

அந்தப் பொண்ணும் தட்டிப் போச்சு. ஒரு வண்டியவே வெச்சுக்கத் தெரியாதவன்னு அந்த வெள்ளக்கோயில்காரரு சொல்லிவிட்டாராம். அதுக்கு நான் என்னங்க பண்ணறது? நான் எஞ்சினப் பத்தித்தான் பேசினேன், கல்யாணத்தப் பத்திப் பேசலையே.

செரி, அதா பஸ்ஸு வருது. இருங்க, வாங்கிட்டு வந்துடறேன்.

இதேதான், அளவு செரியா இருக்குது. நீங்க உக்காந்துட்டே இருங்க, நான் பூட்டிட்டே பேசறேன். அந்த டார்ச்ச மட்டும் இக்கட்டால புடிங்க. ஆங், அப்பிடி.

வண்டிய இழுத்துட்டு வந்து இங்க நிறுத்தி தார்ப்பாயப் போட்டு மூடினேன். தொறக்கல. எஞ்சினைத் தொறந்து பாக்காம எப்பிடித் தெரியும்னு பூபதியோட அம்மா கேட்டா. எனக்குத் தொறக்காமயே தெரியும்னேன். லைட்டு எரிஞ்சும் ஓட்டியிருக்கான், பேரிங்கு தின்னுபோச்சு, வேற என்ன? டீக்கடையில கேட்டவனுக்கெல்லாம் அதத்தான் சொன்னேன். பழனியப்பன் கேக்காதப்பவும் சொன்னேன். ரெண்டு மாசங்கழிச்சு பூபதி மஸ்கட்டு போயிட்டான். அங்க தண்ணி டேங்கரு ஓட்டறான். அந்த வண்டிக்கு வேகத்துக்குப் பூட்டுப் போட்டிருப்பாங்களாம், எண்பதுக்கு மேல போகாதாம். எண்பதுல போறானுங்க என்ற பையன், பதினோரு வருசமா.

இல்ல, கல்யாணம் பண்ணிக்கல. கேட்டா, பாக்கலாம்மாங்கறான். அம்மாகிட்டத்தான் அப்பிடிச் சொல்லுவான். இப்ப அதுவும் இல்ல. அவ போயி நாலு வருசமாச்சு. சக்கரை. காலுல ஒரு புண்ணு வந்தது ஆறவே இல்ல. பூபதியால மூணாம் நாளுதான் வர முடிஞ்சுது. எட்டு நாள் இருந்தான். போறன்னிக்கு, பெட்டியோட அந்தத் தார்ப்பாய்கிட்ட நின்னுட்டு, ஏம்ப்பா, இன்னும் தொறக்கவே இல்லையான்னு கேட்டான். நான் என்ன சொல்லியிருக்கோணும்? கெடக்குது போ, அதுல உனக்கென்னன்னு சொன்னேன். அவ போன துக்கத்துல இருக்கறேன், இவன் வண்டியக் கேக்கறானேன்னு எனக்கு ஆங்காரம். பெட்டியத் தூக்கிட்டு காரு ஏறிட்டான்.

இப்ப தண்ணி ஊத்துங்க. மெல்ல. போதும். ஸ்டார்ட் பண்ணுங்க... ஒழுகுதா பாருங்க. நல்லாக் குனிஞ்சு பாருங்க. ஒழுகாது.

உங்க வேலை முடிஞ்சுதுங்க. கெளம்பலாம். கெளம்பறதுக்கு முன்னால ஒரு ஒதவி வேணுமுங்க. அஞ்சு நிமிசந்தான். அந்தப் பிக்கப்புல ஏறி உக்காந்து சாவி திருப்போணும். நான் எஞ்சின்கிட்ட நின்னு ஆயில் மீட்டரப் பாக்கோணும். ஒரே ஆளு ரெண்டு எடத்துல இருக்க முடியாதில்லீங்களா? உள்ளதச் சொல்லோணும்னா முடியும். ஒரு ஒயரை இழுத்து சுச்சு போட்டுக்கிட்டா நானே பண்ணிக்கலாம், எத்தனையோ எஞ்சினை அப்பிடித்தான் எழுப்பியிருக்கேன். ஆனா இத அப்பிடிப் பண்ண மனசு வரல. எஞ்சின் பூட்டி முடிச்சு பதினோரு நாளாச்சு. தெனமும் காத்தால வந்து அதும் முன்னால நிக்கறேன், தெனமும் நாளைக்குன்னுட்டுப் போயிடறேன்.

உள்ளூர் ஆளக் கூப்புடலாமேன்னு பாக்கறீங்க. யாரைக் கூப்புடறது? பழனியப்பன் எறங்கி வருவான், ஒரு சத்தம் குடுத்தாப் போதும். வந்தா, எஞ்சினுக்கு என்னண்ணா ஆச்சுன்னு கேப்பான். பதினோரு வருசமா அவனுக்கு ஒரு கதை சொல்லி வெச்சிருக்கேன். இப்ப வேற கதை சொல்லோணுமே. நீங்க வெளியூரு. கேட்டுட்டு சேலம் போயிடுவீங்க.

செரி, நீங்களே கேட்டுட்டீங்க, சொல்றேன். தைப் பொங்கல் நோம்பிக்கு மொத நாளு பழைய இரும்புக்காரன் ஒருத்தன் வந்தான். அப்பிடியே குடுத்துடுங்க, எஞ்சினை மட்டும் தனியாக் கழட்டிக் குடுத்தீங்கன்னா எனக்குத் தோதுன்னான். எனக்கும் வெறுத்துப் போயிருந்துச்சு. அவ இல்லாத ஊட்டுல நோம்பி என்ன நோம்பி. செரி, ஒழியட்டும்னு தார்ப்பாய இழுத்தேன். அடியில படுத்து ஆயில் நட்டைக் கழட்டினேன். ஆயிலு சுத்தமா வருது. தேனாட்டம். எனக்கு ஒண்ணும் புரியலீங்க. பேரிங்கு தின்ன எஞ்சின்ல ஆயிலு கருப்பா, தூள் தூளா மின்னிட்டு வரோணும். செத்த எஞ்சினுக்கு எவனாவது புது ஆயில் ஊத்துவானா?

அப்பறம் சம்ப்பைக் கழட்டினேன். கழட்டறப்பவே கைக்குத் தெரிஞ்சு போச்சு, இது நான் ஒட்டினதில்ல. நூலாட்டம் ஒரு கோடு. சுத்திலும் ஒரே அளவு, எங்கயும் பிதுங்கல. ஒழுகவும் இல்ல, பதினோரு வருசத்துல ஒரு பொட்டு ஒழுகல. யாரு அப்பிடி வெப்பான்னு எனக்குத் தெரியாதா? நாலு வயசுல இருந்து பக்கத்துல நின்னு பாத்தவன். என்கூடப் பாத்து, என்னயாட்டம் வெக்காதவன். மஸ்கட்டுக்குப் போறதுக்கு முன்னால நான் இல்லாதப்ப ஒரு நாளு தொறந்திருக்கான்.

உள்ள ஆயிலை உறிஞ்சற குழா ஒண்ணு இருக்குதுங்க. அதோட வாயில ஒரு வலை. மாவு சலிக்கற சல்லடையாட்டம் சின்னது. அந்த வலை பூராவும் பேஸ்ட்டு. சிவப்புப் பேஸ்ட்டு, துண்டு துண்டா, புழுவாட்டம் அடைச்சுட்டு நிக்குது. உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு விழுந்து, போயி அங்க அடைச்சிருக்குது. ஆயில் எப்பிடி மேல ஏறும்? லைட்டு எரிஞ்சவொடனே நிறுத்தினாலும் ஒண்ணுதான், நிறுத்தாட்டியும் ஒண்ணுதான். மூணு செகண்டுன்னு அவன் சொன்னது நெசம்.

நான் அப்பிடியே தரையில மல்லாந்து படுத்துட்டுக் கெடந்தேன். வெளிய இரும்புக்காரன், பெரியவரே ஆச்சுங்களான்னு கூப்புடறான். போயா அக்கட்டாலன்னு கத்தினேன். அழுதனுங்க. எஞ்சினுக்கு அடியில படுத்துட்டு, மூஞ்சியில ஆயிலு சொட்டச் சொட்ட, பொம்பளைப் புள்ளையாட்டம் அழுதேன். என்ற பேஸ்ட்டு. என்ற புள்ளைய நாப்பது பேருக்கு முன்னால அடிச்ச கை வெச்ச பேஸ்ட்டு.

அதுல ஒண்ணு பாருங்க தம்பி. அவன் பாத்துட்டான். வலையப் பாத்துட்டான். சுத்தம் பண்ணாம, தொடாம, அப்பிடியே வெச்சு மூடிட்டான். உள்ள துருப்புடிக்கக் கூடாதுன்னு புது ஆயிலு வேற ஊத்தியிருக்கான். டீக்கடையில போயி ஒரு வார்த்தை, எங்கப்பன் வேலைதான் இதுன்னு சொல்லியிருந்தான்னா என்ற பொழப்பு அன்னிக்கே போயிருக்கும். சொல்லல. அம்மாகிட்டக்கூடச் சொல்லல, சொல்லியிருந்தா அவ என்னயச் சும்மா விட்டிருக்க மாட்டா. அப்பன் பேரு கெட்டுப்போகக் கூடாதுன்னு மூடி வெச்சுட்டுப் போயிட்டான். அந்த மனசு யாருக்குங்க வரும்? அவனே மூடி வெச்சத நான் எதுக்கு அவசரப்பட்டு அவன்கிட்டப் பேசோணும்னு எனக்குத் தோணுச்சு. மொதல்ல வண்டிய ஓட வெப்போம், ஓட வெச்சுட்டுச் சொல்லலாம். செத்த எஞ்சினை வெச்சுட்டு, தப்பு என்மேலதான்டான்னா அது வெறும் வாய்ப்பேச்சு. ஓடற எஞ்சினை வெச்சுட்டுச் சொன்னா அது வேற. செரிதானுங்களே?

அதுக்கப்பறம் எட்டு மாசமா வேலைதான். தனியாத்தான். எஞ்சினுக்குள்ள சுத்தற தண்டு இருக்குதில்லீங்களா, அந்தக் கிராங்க எடுத்துட்டு கோயமுத்தூரு போனேன், கடைசல் புடிக்க. சாக்குல சுத்தி பஸ்ஸுல மடியில வெச்சுட்டுப் போனேன். என்னங்க இது, இந்தக் கனம் கனக்குதுன்னு பக்கத்துல இருந்த அம்மா கேட்டுச்சு. பையனோடதுன்னு சொன்னேன், அது ஒரு மாதிரியாப் பாத்துட்டு வேற சீட்டுக்குப் போயிடுச்சு. ராடு ஒண்ணு வளைஞ்சிருந்துச்சு, அதுக்கு ஒண்ணரை மாசம் அலைஞ்சேன். பிஸ்டன், பேரிங்கு, எல்லாம் ஒவ்வொண்ணா. மத்த வண்டிய அனுப்பிச்சுட்டு பொழுதானா இதுதான். முந்தியெல்லாம் கைய நீட்டினா ஸ்பேனரு வரும். இப்பவும் பழக்கத்துல கைய நீட்டிடறேன். நீட்டிட்டு, எந்திரிச்சுப் போயி நானே எடுத்துக்கறேன். சம்ப்பு பூட்டறப்ப நானும் நூலாட்டம்தான் வெச்சேன். மூணு தடவ வழிச்சுட்டு நாலாவது தடவ வந்துச்சு.

பையன்கிட்டயா? பேசுவோமுங்க, பேசாம என்ன. அங்க வெள்ளிக்கெழமை லீவு. வெள்ளிக்கெழமை ஆனா நான் கூப்புடுவேன். மழை பேஞ்சுதாப்பாம்பான். இல்ல கண்ணும்பேன். அங்க வெயிலான்னு கேப்பேன். ஆமாம்பான். மாத்திரை போட்டீங்களாம்பான். அவ்வளவுதான், ரெண்டு நிமிசம். அவங்கம்மா இருந்தப்ப அவ பேசுவா, நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எனக்குப் பேச்சு வராதுங்க. இன்னிக்கும் வெள்ளிக்கெழமைதான். ரூமுலதான் இருப்பான். அதனாலதான் உங்கள விடமாட்டேங்கறேன்.

வாங்க, ஏறுங்க. பாத்து, கம்பிக்கூண்டு தலையில இடிக்கும். கியரு நூட்டரல்லதான் இருக்குது, ஆட்டிப் பாத்துக்கோங்க. இப்ப டீசல் லைனைக் கழட்டி வெச்சிருக்கேன், எஞ்சின் புடிக்காது. சும்மா சுத்தும், ஆயிலு மேல ஏறோணும். நான் கைய ஒசத்தினா திருப்புங்க, எறக்கினா விட்டுடுங்க.

திருப்புங்க... விடுங்க. இன்னும் ஏறல. பயப்படாதீங்க, ஏறும். திருப்புங்க... விடாதீங்க, விடாதீங்க... முள்ளு ஆடுது. ஏறுதுங்க. பாருங்க, ஏறிருச்சு. விடுங்க. ஆயிலு போயிருச்சு, தலை வரைக்கும் போயிருச்சு.

இப்ப டீசல மாட்டிட்டேன். இந்தத் தடவ புடிக்கும். காலை ஆக்ஸிலேட்டருல வெக்க வேண்டாம், அதும்பாட்டுக்கு விடுங்க. முருகா. திருப்புங்க.

கேக்குதுங்களா? கேக்குதா? தட்டு இல்ல, ஒரு தட்டு இல்ல! புகைய விடுங்க, பழைய டேங்கு, கொஞ்ச நேரத்துல நின்னுடும். பதினோரு வருசமாச்சுங்க இந்தச் சத்தம் கேட்டு. அப்பிடியே ஓடட்டும், எறங்கீடாதீங்க. போன எடுக்கறேன். அவனுக்குக் கேக்கட்டும்.

பூபதி... கண்ணு, கேக்குதா? இது என்ன சத்தம் சொல்லு... அதேதான். நம்ம வண்டிதான் சாமி. ஓடுது... என்னது?... என்னது, கேக்கலியே... தம்பி, ஆஃப் பண்ணுங்க. ஆஃப் பண்ணிடுங்க, அவனுக்குக் கேக்கலையாம்.

சொல்லு கண்ணு... ஆமா, நானேதான் கட்டினேன், தனியாத்தான்... கிராங்கு கடைசல் போட்டாச்சு, ராடு மாத்தியாச்சு... ம். அதத்தான் சொல்ல வந்தேன். வலையில பேஸ்ட்டுடா கண்ணு. என்ற பேஸ்ட்டு. நீ வேண்டாம்னு சொன்ன, நான்தான் கேக்கல. உன்மேல ஒரு தப்பும் இல்ல சாமி, அன்னிக்கு உன்னய... உன்னயக் கை நீட்டினது... ம்... ம். எப்பவா? தை நோம்பிக்கு மொத நாளு. இரும்புக்காரன் ஒருத்தன் வந்தான், அப்பத்தான்... கண்ணு?... பூபதி?

வெச்சுட்டானுங்க.

உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் தப்புன்னு சொன்னதுக்கெல்லாம் அவன் ம், ம்னுட்டு இருந்தான். எப்பப்பா தொறந்தீங்கன்னு மட்டும் கேட்டான். சொன்னேன். அப்பறம், நீங்க பாக்கோணும்னுதான்பா நான் தொடாம மூடி வெச்சேன்னான். பாத்த அன்னிக்கே என்னயக் கூப்புடுவீங்கன்னு பத்து வருசமாக் காத்துட்டு இருந்தேன்னான். அம்மா காரியத்துக்கு வந்தப்பக்கூடக் கேட்டேனேன்னான். நீங்க பாத்துட்டு, எட்டு மாசமா வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை என்கிட்ட மழையப் பத்திப் பேசினீங்களான்னான். அவ்வளவுதான் கேட்டான். சத்தமே போடலீங்க. சத்தம் போட்டிருந்தா எனக்குத் தேவலை.

நேத்துத்தான் தொறந்தேன்னு சொல்லியிருக்கலாமில்ல? சொல்லத் தோணாமப் போச்சே. நான் அவன் எனக்காக மூடி வெச்சான்னு நெனச்சேன். எட்டு மாசம், கெழவன் படற பாட்டப் பாருடான்னு என்னய நானே மெச்சிட்டுத் திரிஞ்சேன். அவன் அங்க உக்காந்து ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் இன்னிக்குச் சொல்லுவாருன்னு போன எடுத்திருக்கான்.

எறங்காதீங்க தம்பி, செத்த நேரம் உக்காருங்க. உங்க அப்பா இருக்காருங்களா? அப்பன்கிட்ட நீங்களும் கோவிச்சிருப்பீங்க, கோவிக்காத மகன் யாரு. இப்ப நான் மறுபடியும் கூப்புட்டா எடுப்பானுங்களா? நீங்களா இருந்தா எடுப்பீங்களா? எனக்கு மனசு நோகும்னு பாக்காதீங்க, உள்ளதச் சொல்லுங்க.